ஒட்டின் மேல் ஒரு திகதி

கொழும்பின் இரண்டு முனைகளில் இரண்டு குழாய்கள் கடலுக்குள் இறங்குகின்றன. தெற்கே வெள்ளவத்தையில் ஒன்று. வடக்கே கொட்டாஞ்சேனையைத் தாண்டி முகத்துவாரத்தில் மற்றது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் கடலடியில் போய், நகரத்தின் மலசலக் கழிவை அங்கே விடுகின்றன. இரண்டுக்கும் நடுவே துறைமுகம். அங்கிருந்து கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகும் குழாய்கள் நகரத்தின் வடபகுதிக் குடியிருப்புகளுக்கு ஊடாகக் கிடக்கின்றன. கடலில் இன்னும் தள்ளி, மசகெண்ணெய்க் கப்பல்கள் கட்டி நிற்கும் மிதவை. அதிலிருந்து கடலடியால் கரையேறிச் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது இன்னொரு குழாய். பஸ் ஓடுவதும் கக்கூஸில் தண்ணீர் இறங்குவதும் இவற்றால்தான். மரைன் டிரைவில் மாலைக் காற்று வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் காலடியில் இப்படி ஒரு இரும்பு உலகம் கிடப்பது தெரியும்?

இலங்கைக் கடலில் எண்ணெய் மேடை கிடையாது. 2011இல் மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் துளைத்தபோது இயற்கைவாயு கிடைத்தது. அது இன்னும் கடலடியிலேயே இருக்கிறது. ஆனால் வட கடலிலோ பாரசீகக் குடாவிலோ மும்பைக் கடலிலோ முதுமையடைந்த மேடைகளின் குழாய்களை என்ன செய்வது என்று பொறியியலாளர்கள் மண்டையை உடைக்கிற கேள்வி எங்கள் தெருக்களுக்கு அடியிலும் அப்படியே இருக்கிறது. உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, வயது இருக்கிறது, நிறுத்த முடியாத ஓட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடக் காசுமில்லை, இடமுமில்லை. அந்த நிலையில் ஒரு குழாயை எப்படி நேர்மையாகக் காப்பாற்றுவது என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நேர்மை என்பதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். திருத்தவேலையில் கைத்திறனைப் போலவே அதற்கும் இடமுண்டு.

கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்படத் தொடங்கியது 1906இல். நூறு வயதைத் தாண்டிய குழாய்கள் இன்றும் வேலையில் இருக்கின்றன. அவை போடப்பட்ட காலத்தில் வெள்ளவத்தை தென்னந்தோட்டமும் நெசவாலையும் தனித்தனி வீடுகளும் உள்ள ஊர். இன்று ஒரு குடும்பம் இருந்த காணியில் முப்பது குடும்பத்துக்குத் தொடர்மாடி எழும்பி நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வீடு வாங்கியவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக வந்து தங்கியவர்கள் என்று முப்பது நாற்பது வருடத்தில் ஊரின் பாரம் பல மடங்காகிவிட்டது. மேலே எல்லாம் மாறியது. கீழே பல ஒழுங்கைகளில் மாறவில்லை. மழை இறுக்கிப் பெய்கிற நாளில் மான்ஹோல் மூடி தூக்கி ஒழுங்கை நாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வார்ப்பிரும்புக் குழாய் கெட்டுப்போகிற விதத்தை நேரில் பார்த்தால் மறக்க முடியாது. உருக்குக் குழாய் என்றால் கறள் செதில் செதிலாக உதிர்ந்து தன் நிலையைக் காட்டிக்கொடுத்துவிடும். வார்ப்பிரும்பு அப்படியில்லை. அதற்குள் காரீயம் கலந்திருக்கிறது, பென்சில் கூருக்குள் இருக்கிற அதே காரீயம். உவர் மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும்போது இரும்பு மட்டும் கரைந்து போய்விட, காரீயம் அதே வடிவத்தில் நின்றுவிடுகிறது. தோண்டி எடுத்தால் குழாய் முழுசாக இருக்கும். விட்டம் சரி, வார்ப்படத்தில் பதிந்த எழுத்துகூடச் சரி. சட்டைப்பைக் கத்தியை எடுத்துச் சுரண்டிப் பாருங்கள், கறுப்புத் தூளாகக் கையில் வரும். சுத்தியலால் தட்டினால் மணிச்சத்தம் வராது, மொத்தென்று கேட்கும். மேலே ஒரு பாரவண்டி ஏறும்வரை, அல்லது பக்கத்துக் காணியில் அத்திவாரம் வெட்டும்வரை, அது குழாயாகவே நடித்துக்கொண்டிருக்கும்.

கழிவுநீர்க் குழாய்க்கு இன்னொரு நோயும் உண்டு. தண்ணீர் ஓடுகிற அடிப்பக்கத்தை அது விட்டுவிடும், முகட்டைத்தான் பிடிக்கும். காற்றில்லாத கசட்டில் வாழும் பக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்குகின்றன, அந்தக் கூழ்முட்டை நாற்றம் அதுதான். வாயு மேலெழுந்து குழாயின் முகட்டு ஈரத்தில் ஒட்ட, அங்கே வேறொரு வகைப் பக்டீரியா அதைச் சல்பூரிக் அமிலமாக்கிவிடுகிறது. சீமெந்தும் இரும்பும் மேலிருந்து கரைகின்றன. வெக்கை கூடிய ஊரில் இது விரைவாக நடக்கும். கழிவு ஓட்டம் மெதுவாக இருந்தால் இன்னும் விரைவு. கொழும்பில் இரண்டும் உண்டு.

இதற்கு ஊரையே தோண்டுவது மட்டுந்தானா வழி? காலி வீதியை வெள்ளவத்தையில் குறுக்கே வெட்டி ஆறு மாதம் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு நல்ல பதிலொன்று 1971இல் இலண்டனில் ஹக்னி பகுதியில் கிடைத்தது. எரிக் வூட் என்ற பொறியியலாளர், நூறு வருடப் பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்றைத் தோண்டாமல் திருத்தினார். கம்பளி போன்ற தடித்த துணியில் நீளமான உறை. அதைப் பிசினில் ஊறவைத்து, மான்ஹோல் வழியாகத் தண்ணீரின் அழுத்தத்தால் குழாய்க்குள் உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிச் செலுத்துகிறார்கள், சட்டைக் கையை உள்ளிருந்து வெளியே இழுத்து விடுகிற மாதிரி. உறை பழைய குழாயின் சுவரோடு போய் ஒட்டியதும் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். பிசின் இறுகுகிறது. பழைய குழாய்க்குள் மூட்டே இல்லாத புதிய குழாய் ஒன்று பிறந்துவிடுகிறது. வீடுகளிலிருந்து வந்து சேரும் கிளைகளின் வாய் அடைபட்டிருக்கும். கமெராவும் வெட்டும் தலையும் பொருத்திய சிறிய இயந்திரத்தை உள்ளே விட்டு அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவார்கள். விட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் உட்பக்கம் வழுவழுப்பானதால் ஓட்டம் பெரும்பாலும் குறையாது.

2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கி பெரும் கொழும்பின் கழிவுநீர் முகாமைத்துவத்துக்கென 100 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. பழைய குழாய்களையும் பம்பி நிலையங்களையும் சீராக்குவது அந்தத் திட்டத்தின் பெரிய பங்கு. புதிய கட்டடத்துக்கு நாடா வெட்ட அமைச்சர் வருவார். நூற்றாண்டுப் பழைய குழாயொன்றுக்கு உள்ளுறை போட்டு முடிந்ததற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. கொண்டாடப்படாத வேலைக்கு வரவுசெலவுத் திட்டத்தில் கடைசி இடந்தான் கிடைக்கும்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். குடா நாடுகளின் கடல் மேடைகளில் பைப் பிற்றராக நெடுங்காலம் வேலை செய்துவிட்டு வந்து, ஜம்பட்டா வீதிப் பக்கம் மகளோடு இருக்கிறார். அவரிடம் கதைத்த பிறகுதான் மேடைக் குழாய் என்பது எவ்வளவு நெருக்கடியான இடம் என்று விளங்கியது. கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் தொழிற்சாலை. அதற்குள் குழாய்க்கு மேல் குழாய். எங்கே குழாய் தாங்கியில் தொட்டுக்கொண்டு கிடக்கிறதோ அங்கே உப்புத்தண்ணி தேங்கும், கறள் பிடிக்கும். வெப்பம் காக்கப் போர்த்திய உறைக்கு உள்ளேயும் பிடிக்கும், பிடித்தது வெளியே தெரியாது. எல்லாவற்றையும்விட மோசம் அலை அடித்து அடித்துக் காய்கிற பகுதி. எப்போதும் நீருக்குள் இருக்கிற இரும்புக்குக்கூட அவ்வளவு சேதம் வராது.

“வெல்டிங் அடிச்சால் என்ன அண்ணை?” என்று கேட்டேன்.

“நெருப்பு எண்டால் முழு மேடையையும் நிப்பாட்ட வேணும் தம்பி. கேஸை வெளியேத்த வேணும், கழுவ வேணும், அளந்து பாக்க வேணும். ஒரு நாள் நிண்டால் எவ்வளவு நட்டம் எண்டு அவங்கள் கணக்குச் சொல்லுவாங்கள். அதாலதான் நெருப்பில்லாத வேலை.”

நெருப்பில்லாத வேலை என்று அவர் சொன்னது பிசினில் தோய்த்த கண்ணாடி இழைத் துணியை, சில இடங்களில் காபன் இழைத் துணியை, குழாயைச் சுற்றிப் பல மடிப்பாகக் கட்டுவது. கேட்க இலேசாக இருக்கிறது. அவர் விவரித்தபோது அதில் ஒரு நாள் முழுக்கத் தயாரிப்பு என்று தெரிந்தது. முதலில் மணல் போன்ற துகளை வீசி இரும்பை வெள்ளையாகும்வரை உரிக்க வேண்டும். மேற்பரப்பு வழுக்கக்கூடாது, பிசின் பிடித்துக்கொள்ள நுண்ணிய சொரசொரப்பு வேண்டும். உரித்த இரும்பு கடற்காற்றில் சில மணித்தியாலத்திலேயே மீண்டும் மஞ்சளிக்கத் தொடங்கிவிடும், அதற்குள் பூச வேண்டும். இரும்பின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது மூன்று பாகை கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும். குழிகளைப் பசையால் நிரப்பிச் சமமாக்கி, துணியைச் சுற்றி, உருளையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டே போக வேண்டும். இறுகிய பிறகு ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே வருவார்களாம். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அடியில் ஒட்டவில்லை என்று அர்த்தம். கொழும்பில் வார்ப்பிரும்பைச் சுத்தியலால் தட்டுகிற அதே காதுதான் அங்கேயும் வேலை செய்கிறது.

இந்த ஒட்டு வேலைக்குச் சர்வதேச விதி உண்டு. ஐஎஸ்ஓ 24817 என்று பெயர்; 2006இல் முதல் வடிவம் வந்தது. அதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம், ஒட்டுக்கும் ஆயுள் கேட்கப்படுவதுதான். இரண்டு வருடமா, பத்தா, இருபதா என்று முதலிலேயே தீர்மானித்து அதற்கேற்ப மடிப்புகளைக் கணக்கிட வேண்டும். வெளியே அரிப்பு என்றால் சுற்றியதோடு அது நின்றுவிடும். உள்ளே அரிப்பு என்றால் சுற்றிய பின்னும் அது தன் பாட்டில் தின்றுகொண்டே இருக்கும், ஓட்டை விழும் இடம் மட்டும் மறைந்துபோகும். ஆகவே இரண்டாவது வகைக்குத் தொடர்ந்து தடிப்பை அளக்க வேண்டும். ஒலியலைக் கருவியின் முனையில் ஜெல் தடவி, குழாயில் வைத்து, மில்லிமீற்றரில் வருகிற எண்ணை எழுதிக்கொள்வார்கள். அடுத்த முறை அதே இடத்தில் அதே அளவு. இரண்டு எண்களின் வித்தியாசத்தை வருடங்களால் வகுத்தால் குழாய் எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்று தெரியும். எவ்வளவு காலம் தாங்கும் என்றும் தெரியும். முந்திய எண் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எழுதப்படாத குழாயை எந்தக் கருவியாலும் முழுதாக அறிய முடியாது.

எங்கள் அயலில் இந்த வேலையின் மிகப் பெரிய பள்ளிக்கூடம் மும்பைக் கடல். 1974இல் அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது, 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. சுமார் இருபத்தைந்து வருடம் என்று கணக்குப் போட்டு நிறுத்திய மேடைகள் அந்தக் கணக்கைத் தாண்டியும் நின்றன. எங்கே ஒட்டுவது, எங்கே ஒரு துண்டை மட்டும் மாற்றுவது, எங்கே முழுக் குழாயையும் புதிதாகக் கடலடியில் இழுப்பது என்று இந்திய அரச எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி வருடக்கணக்காகப் பிரித்துப் பிரித்து முடிவெடுத்து வந்திருக்கிறது. 2005 ஜூலை 27ஆம் திகதி அங்கே நடந்ததும் குழாயின் கதைதான். உதவிக் கப்பலொன்று மேடையை நெருங்கும்போது மோதி, கடலடியிலிருந்து மேலேறும் எரிவாயுக் குழாய் கிழிந்தது. மேடை முழுதும் எரிந்தது, 22 பேர் இறந்தார்கள். அந்தக் குழாயை அரிப்புத் தின்னவில்லை. கப்பல் வந்து அணைகிற பக்கத்தில் அது பாதுகாப்பில்லாமல் நின்றது. குழாய் பழசா புதுசா என்பது கேள்வியில் பாதிதான். அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது மீதிப் பாதி.

திருத்தவேலையை நான் ஆதரிக்கிறேன். அதனாலேயே இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. நைலோன் மூலப்பொருள் செய்கிற தொழிற்சாலை அது. ஆறு கலன்கள் படிப்படியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் வரிசையில் நின்றன. 1974 மார்ச் மாதக் கடைசியில் ஐந்தாவது கலனில் விரிசல் தெரிந்தது. ஒரு சின்னக் கசிவை அடக்குவதற்காக மேலே தண்ணீர் அடித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் இருந்த நைத்திரேற்று உருக்கைத் தாக்கி விரிசலை உண்டாக்கியது. சின்னத் திருத்தம் ஒன்றே பெரிய சேதத்துக்கு வழி செய்தது. ஐந்தாவது கலனைக் கழற்றிவிட்டு, நாலாவதையும் ஆறாவதையும் ஒரு குழாயால் இணைத்து உற்பத்தியைத் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். இரண்டு கலன்களும் ஒரே மட்டத்தில் இல்லாததால் குழாயை நடுவில் வளைக்க வேண்டியிருந்தது. அதற்கு வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சோக்குக் கட்டியால் முழு அளவில் கோடு போட்டார்கள். அதை வைத்து வெட்டி ஒட்டினார்கள். குழாயைத் தாங்கியது சாரக்கட்டுக் கம்பி. வேலைத்தலப் பொறியியலாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. ஏப்ரல் முதலாம் திகதி தொழிற்சாலை மீண்டும் ஓடத் தொடங்கியது. யூன் முதலாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது. கசிந்த ஆவி தீப்பிடித்து வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். வார நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர்.

அந்தச் சோக்குக் கோட்டை நான் அடிக்கடி நினைக்கிறேன். வரைந்தவர்கள் கெட்டிக்காரத் தொழிலாளிகள். வெல்டிங் பிழையாகப் போனதாக யாரும் சொல்லவில்லை. அழுத்தத்தில் அந்த வளைந்த குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். போட்டிருந்தாலும் அந்தக் கணக்கை மறுநாள் வருகிறவர் பார்க்க வழியில்லை. தரையைக் கழுவினால் அழிந்துபோகிற வரைபடம் அது.

இதே காரணம் 1988 ஜூலை 6ஆம் திகதி வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் 167 உயிர்களை எடுத்தது. பம்பு ஒன்றின் அழுத்தக்காப்பு வால்வைப் பகல் வேலையாட்கள் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்த வாயில் தகட்டு மூடியொன்றைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். வேலை முடியவில்லை என்று எழுதிய தாள் இரவு முறையினரின் கைக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் மற்றப் பம்பு நின்றது. இதை ஓடவிட்டார்கள். லோட் கல்லன் 1990இல் கொடுத்த விசாரணை அறிக்கையின் 106 பரிந்துரைகளில், வேலை அனுமதித் தாள் கைமாறும் முறையைச் சரிசெய்வது முக்கியமான ஒன்று. கொட்டாஞ்சேனை அண்ணை இதைப் பற்றிக் கேட்டதும், “தாள் இல்லாட்டி நான் நட்டிலை கை வைக்க மாட்டன். எந்த மனேஜர் சொன்னாலும்” என்றார். குரலில் இன்னும் அந்தப் பிடிவாதம் இருந்தது.

இனி எங்கள் எண்ணெய்க் குழாய்களுக்கு வருகிறேன். துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்குப் போகும் பழைய குழாய்களை மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல அரசாங்கங்களைக் கண்டுவிட்டது. தடையாக எப்போதும் சொல்லப்பட்டது, குழாய்க்கு மேலே ஆட்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள் என்பது. சொல்கிற தொனியில், அந்தச் சனங்கள்தான் குற்றவாளிகள் என்று ஒலிக்கும். நகரத்தின் வடபகுதியில் அடுக்கடுக்காக நெருங்கி வாழ்கிறவர்களுக்கு வேறு காணியை யார் கொடுத்தது? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின், தெரு கூட்டியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். அடுப்படியின் கீழே எந்தக் குழாய் போகிறது, அதற்கு என்ன வயது, கடைசியாக எப்போது அளந்தார்கள், மணம் வந்தால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும், வாசலில் ஒட்டுகிற ஒரு தாளில்.

சொல்லாமல் விடுவது கடலிலும் நடந்தது. 2018 செப்டம்பரில் கப்பலிலிருந்து முத்துராஜவெல முனையத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயில் கசிவு ஏற்பட்டு, எண்ணெய் உஸ்வெட்டகெய்யாவைக் கரையில் கறுப்பாகப் படிந்தது. கடற்படையும் கரையோரக் காவற்படையும் வாரி அள்ளினார்கள். மீனவர்களின் பார்வைக்கு அந்தக் குழாய் வந்தது, அது உடைந்த பிறகுதான்.

பாக்குநீரிணைக்கு அக்கரையில், நாகூருக்குப் பக்கத்துப் பட்டினச்சேரியில், இந்தக் கதை இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 மார்ச் 2ஆம் திகதி சென்னைப் பெற்றோலிய நிறுவனத்தின் மசகெண்ணெய்க் குழாய் கடற்கரையில் கசிந்தது. அடைத்துவிட்டோம் என்று சொல்லப்பட்ட பிறகும் கசிவு நின்றபாடில்லை. ஊர் திரண்டது, படகுகள் கடலுக்குப் போகவில்லை. அடைத்தது போதாது, புதிதாகவும் போட வேண்டாம், குழாயையே எங்கள் கரையிலிருந்து எடுங்கள் என்று கேட்டார்கள். கடைசியில் நிறுவனம் அகற்ற ஒப்புக்கொண்டது. ஒரு பொறியியலாளர் இதைப் படித்தால், நல்ல ஒட்டுப் போட்டிருந்தால் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும் என்று சொல்லக்கூடும். அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஊருக்கு அந்தக் கணக்கை எப்போதாவது காட்டினார்களா? நம்பிக்கை போன பிறகு எவ்வளவு தடித்த துணியைச் சுற்றியும் பயனில்லை. பட்டினச்சேரி மக்கள் பொறியியல் தெரியாமல் பேசியதாக நான் நினைக்கவில்லை. தங்களுக்குச் சொல்லப்படாததைச் சரியாகக் கணக்கில் எடுத்தார்கள்.

2022 ஏப்ரலில் இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, புதுக் குழாய் என்ற பேச்சே சில காலம் அடங்கிப்போனது. அதற்கு முந்திய நவம்பரில் மசகெண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. 1969இல் திறந்த நிலையம் அது. ஓடுகிற குழாயைவிட நின்றுபோன குழாய் விரைவாகக் கெடும்; அடியில் தேங்குகிற தண்ணீர் அங்கேயே இருந்து அரிக்கும். டொலர் தட்டுப்பாட்டின் கூலியை இரும்பு இப்படித்தான் கொடுக்கிறது. புதிய குழாய் என்றால் இறக்குமதி. ஒட்டு வேலைக்கும் பிசினும் துணியும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆனாலும் செலவில் பெரும்பங்கு கைக்கூலிக்கும் அறிவுக்கும் போகிறது, அந்த இரண்டும் இங்கே உண்டு. கொட்டாஞ்சேனைக்கு எட்டிய தூரத்தில், துறைமுகத்துக்குள், 1974இல் தொடங்கிய கொழும்பு டொக்யார்ட்டில் உலகத்துக் கப்பல்களின் குழாய்களை வெட்டி வளைத்துப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கப் போவதாக 2025 யூனில் அறிவித்தது மும்பையின் மசகான் டொக் நிறுவனம்; மும்பைக் கடலின் எண்ணெய் மேடைகள் சிலவற்றைக் கட்டிக் கொடுத்த அதே பட்டறை. இரண்டு கரையின் கைகளும் ஒரே கூரைக்குக் கீழ் வருகிற வேளையில், கப்பலுக்குச் செய்கிற வேலையை நகரத்துக்கும் செய்ய ஏன் கேட்கக்கூடாது? குடாவுக்குப் போய்ப் பழுதுபார்க்கிற எங்கள் பிற்றர்மார், வெல்டர்மார், ஊருக்குத் திரும்பிய பிறகு மகளின் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற காதையும் கையையும் மாநகரசபை ஒரு பயிற்சிக்கூடத்தில் உட்கார்த்தி வைக்கலாம். பெரிய செலவும் இல்லை.

எப்போது ஒட்டுவதை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்றாலும் சில அடையாளங்கள் உண்டு. ஒட்டுக்கு மேல் ஒட்டு விழத் தொடங்கினால், தேய்கிற வேகம் ஒவ்வொரு அளவுக்கும் கூடிக்கொண்டே போனால், உடைந்தால் சாகப்போகிறவர்களின் தொகை ஓரளவுக்கு மேல் இருந்தால், கழற்றத்தான் வேண்டும். காத்தான்குடியிலோ மட்டக்குளியிலோ ஒரு வீட்டுக் கூரைக்கு எப்போது புது ஓடு போடுவது என்று முடிவெடுக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், குழாய் விஷயத்தில் முடிவெடுப்பவர் அதன் மேலே படுத்து உறங்குபவர் அல்ல. அவருக்கு அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் தெரியும். மற்றவருக்கு இரவில் வருகிற மணம் தெரியும். இரண்டு அறிவும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

நான் கேட்பது மூன்று விஷயம். மாநகரசபையும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் தங்கள் கையிலுள்ள பழைய குழாய்களுக்கு ஒவ்வொன்றாக ஏடு வைக்க வேண்டும்: போட்ட வருடம், என்ன இரும்பு, எங்கே ஒட்டு, அந்த ஒட்டுக்குக் கொடுத்த ஆயுள், கடைசியாக அளந்த தடிப்பு. அந்த ஏடு பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். குழாய் போகிற ஒழுங்கையில் வாழ்கிறவர்கள் வருடத்தில் ஒரு முறையாவது கூப்பிடப்பட்டு, அந்த எண்கள் அவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடிச் சங்கங்கள் லிப்ட் பழுதுக்கும் தண்ணி மோட்டருக்கும் கூட்டம் கூட்டுகின்றன. அந்தக் கூட்டத்திலேயே இதற்கும் அரை மணித்தியாலம் ஒதுக்கலாம்.

கடல் மேடையில் ஒட்டு இறுகியதும் கடைசியாகச் செய்கிற வேலை என்ன என்று அண்ணையைக் கேட்டேன். ஒட்டின் மேல் ஓர் அடையாளத் தகட்டைப் பதிப்பார்களாம். அதில் ஒட்டின் இலக்கம், போட்ட திகதி, மறுபடி பார்க்க வேண்டிய திகதி. “எங்கட பேர் அதில வராது,” என்றார். “ஆனா இலக்கத்தை வச்சு ஒப்பீசில ஏட்டைப் புரட்டினால், ஆர் சுத்தினது, ஆர் தட்டிப் பாத்தது, எல்லாம் இருக்கும்.” ஒருமுறை அப்படிப் புரட்டி, எட்டு வருடத்துக்கு முன்னர் வேறொரு நாட்டுக்காரர் போட்ட ஒட்டை அவர் அவிழ்த்திருக்கிறார். அடியில் இரும்பு, உரித்த அன்று இருந்த நிறத்திலேயே இருந்ததாம்.